ஆள் உயரக் குழல், மூன்றே துளை: ஸ்லோவாக்கியாவின் ஃபுயரா பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்லோவாக்கியாவின் நடுப்பகுதியில் பொல்யானா என்றொரு மலை இருக்கிறது. அணைந்துபோன எரிமலை. உச்சி 1,458 மீட்டர். டெத்வா, ஹ்ரினியோவா, ஒச்சோவா போன்ற ஊர்கள் அதைச் சுற்றிக் கிடக்கின்றன. இந்த ஊர்களின் ஆட்டிடையர்கள் தாங்களே மரத்தில் செய்து, தாங்களே வாசித்த குழல்தான் ஃபுயரா. நீளம் 160 சென்டிமீட்டரிலிருந்து 2 மீட்டர் வரை வரும். நிமிர்த்தி நிறுத்தினால் பல குழல்கள் வாசிப்பவரின் தலைக்கு மேல் போகும். ஆனால் விரல் வைக்கத் துளைகள் மூன்றுதான்.

2005 நவம்பர் 25 அன்று யுனெஸ்கோ 'ஃபுயராவும் அதன் இசையும்' என்பதை மானுடத்தின் வாய்மொழி, புலனாகா மரபின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது. நம் நாட்டின் ராம்லீலாவும் அதே அறிவிப்பில்தான் இடம்பெற்றது. 2008-ல் இந்த அறிவிப்புகள் எல்லாம் இப்போதுள்ள பிரதிநிதித்துவப் பட்டியலுக்குள் வந்துவிட்டன.

குழல் செய்து, அதையே வாசிக்கிற இசைக்கலைஞர் என்றால் பலரும் அதை ஒரு தனிமனித ரசனையாகவே பார்க்கிறார்கள். இயற்கையை நேசிக்கிற ஒருவர், கையில் உளி, மனதில் காடு என்று ஒரு படம். ஃபுயராவை ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணம் அந்தப் படத்துக்கு அப்பால் போக முடியும் என்பதுதான். இங்கே செய்பவரும் வாசிப்பவரும் ஒரே ஆளாக இருப்பது விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை. இந்தக் குழல் ஒலி எழுப்பும் விதமே அதைக் கேட்கிறது. குழல் ஏன் அழியும் நிலைக்குப் போனது, எப்படி மீண்டது, மீண்டதில் எது முழுதாக வரவில்லை என்ற மூன்று கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

மேய்ச்சல் வாழ்க்கை

ஏப்ரல் 24 புனித ஜார்ஜ் நாள். அதை ஒட்டி ஊர் ஆடுகளைச் சேர்த்து மலைக்கு ஓட்டுவது ஸ்லோவாக் மேய்ச்சல் வழக்கம். செப்டம்பர், அக்டோபரில்தான் இறக்கிக் கொண்டு வருவார்கள். அதுவரை இடையர்களுக்கு ஸலாஷ் என்ற மரக்குடில்தான் வீடு. அங்கே தலைமை இடையருக்குப் பாச்சா என்று பெயர். பால் கறப்பதும், பிரிண்ட்ஸா என்ற ஆட்டுப்பால் சீஸுக்கான தயிர்க்கட்டி எடுப்பதும், மந்தைக் கணக்கும் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழ் வேலை செய்யும் இளம் இடையர்கள் மேய்ப்பார்கள், கறப்பார்கள், இரவில் காவல் இருப்பார்கள்.

இந்த வாழ்க்கையில் ஒரு விஷயம் நமக்கு உடனே பிடிபடும். மரத்தட்டிகளால் அடைத்த பட்டியை அவர்கள் கோஷியர் என்கிறார்கள். அதைச் சில நாளுக்கு ஒருமுறை புல்வெளியில் இடம் மாற்றி வைப்பார்கள். ஆட்டுச் சாணமும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாகும். நம் ஊரில் வயலில் கிடை போடுவது என்கிறோமே, அதே வேலை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபுயராவுக்கு விரும்பி எடுக்கும் மரம் எல்டர். ஸ்லோவாக் மொழியில் பாஸா. பெரிய காட்டு மரம் இல்லை, புதராக வளர்ந்து மரமாகும் வகை. வெள்ளைப் பூங்கொத்து, கறுப்புப் பழம். தழைச்சத்து மிகுந்த மண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். அதனால் நடுக்காட்டைவிடக் காட்டின் ஓரத்திலும், வீட்டுக் கொல்லையிலும், கால்நடை நின்ற இடத்திலும்தான் செழித்து வளரும். ஆடு நின்ற மண்ணில் வளர்கிற மரத்தை ஆடு மேய்ப்பவரே வெட்டிக் குழலாக்கினார். இயற்கையால் ஈர்க்கப்பட்ட இசை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதைவிட, இந்த மண், மரம், மந்தை உறவைத் தெரிந்துகொள்வது எனக்கு நிறைவாக இருக்கிறது.

பாட்டுகள் பெரும்பாலும் இடையர் வாழ்வைப் பற்றியவை. தனிமை, காதல், மலை, காட்டில் மறைந்து வாழ்ந்த கொள்ளையர்கள். 1713-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட யுராய் யானோஷீக் அந்தக் கொள்ளையர்களில் புகழ்பெற்றவர். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவர் என்று மக்கள் நினைவில் நிற்பவர். ஒரு வரியைப் பாடிவிட்டு அதையே குழலில் வாசிப்பது, வாசித்துவிட்டு அடுத்ததைப் பாடுவது என்று மாறி மாறிப் போகும். தாளக்கட்டு கிடையாது. மூச்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நீளம் ஒரு வரி.

மூன்று துளை எப்படிப் போதும்?

கர்நாடக இசைப் புல்லாங்குழலில் விரலுக்கு எட்டுத் துளை. அதைவிட நாலைந்து மடங்கு நீளமான ஃபுயராவில் மூன்று. இதில்தான் ஆய்வின் மையம் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இருபுறமும் திறந்த குழாய்க்குள் நிற்கும் காற்று, தன் நீளத்துக்கு ஏற்ற ஓர் அடிப்படைச் சுரத்தில் அதிரும். கூடவே அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்களிலும் அதிர முடியும். ஒலியின் வேகத்தைக் குழாயின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கால் வகுத்தால் அடிப்படைச் சுரம் கிடைக்கும். 175 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 98 ஹெர்ட்ஸ். மேல்நாட்டுக் கணக்கில் கீழ் ஜி. குழாயின் வாய்க்கு வெளியே கொஞ்சம் காற்றும் சேர்ந்து அதிர்வதால், நடைமுறையில் 160, 170 சென்டிமீட்டர் குழலே ஜி-யில் நிற்கிறது. இன்று அதிகம் செய்யப்படுவது இந்த அளவுதான்.

ஃபுயராவின் உள்துளை நீளத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறுகல், விட்டம் மூன்று சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இப்படிப்பட்ட குழாயில் அடிப்படைச் சுரம் பலவீனமாக வரும், மேற்சுரங்கள் சுலபமாக எழும். மெல்ல ஊதினால் 196, கொஞ்சம் அழுத்தினால் 294, இன்னும் அழுத்தினால் 392, 490, 588, 686, 784 என்று ஏறிக்கொண்டே போகும். விரலே அசையாது. காற்றின் வேகம் மட்டுமே மாறும்.

நம் சுரங்களில் சொல்கிறேன். 196-ஐ ஸட்ஜம் என்று வைத்தால் 294 பஞ்சமம், 392 மேல் ஸட்ஜம், 490 அந்தர காந்தாரம், 588 மறுபடி பஞ்சமம். தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டும்போது யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கிறதே, அது அடிப்படையின் ஐந்து மடங்கில் வரும் இந்த ஐந்தாம் மேற்சுரம்தான். அடுத்த 686 ஒரு நிஷாதம். ஹார்மோனியத்தின் கைசிகி நிஷாதத்தைவிட அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்து நிற்கும். முதல் முறை கேட்பவருக்குச் சுருதி விலகியதுபோலப் படலாம். குழல் அங்கே தன் இயல்பான இடத்தில்தான் நிற்கிறது. ஃபுயரா இசைக்கு ஒரு தனி ஏக்கம் இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். அதில் இந்த நிஷாதத்துக்கு ஒரு பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

சரி, மூன்று துளைக்கு வருவோம். முதல் ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையில் நிரப்ப வேண்டியவை ரிஷபம், காந்தாரம், மத்யமம். மூன்று சுரம், மூன்று துளை. பஞ்சமத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் இடையில் இரண்டே சுரம். அதற்கு மேலே மேற்சுரங்கள் இன்னும் நெருங்கிவிடுவதால் துளையின் தேவை குறைந்துகொண்டே போகும். ஆக மிகப் பெரிய இடைவெளிக்கு எத்தனை துளை வேண்டுமோ அத்தனை மட்டும் போட்டிருக்கிறார்கள். ஒன்று கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. இப்படிக் கிடைக்கும் சுரவரிசையை மேல்நாட்டார் மிக்ஸோலிடியன் என்கிறார்கள். நம் ஹரிகாம்போதி மேளத்தின் சுரங்கள் அவை.

துளைகள் குழலின் கீழ்ப்பகுதியில் இருக்கும். விரல் அங்கே இருந்தால் வாய் மேல்நுனிக்கு எட்டாது. அதனால் 50 முதல் 80 சென்டிமீட்டர் நீளத்தில் இன்னொரு சிறு குழாயைப் பெரிய குழலோடு ஒட்டினாற்போல் தோல்வாரால் கட்டியிருப்பார்கள். வாசிப்பவர் அந்தச் சிறு குழாயில் ஊதுவார். காற்று மேலே ஏறி, பெரிய குழலின் தலைக்குள் நுழைந்து, அங்கிருந்து கீழே இறங்கும்.

வாசிப்பின் தொடக்கம் பெரும்பாலும் ரோஸ்ஃபுக். ஒரே மூச்சில் பலமாக ஊதி உச்ச மேற்சுரத்தைப் பிடித்து, அங்கிருந்து காற்றைத் தளர்த்தத் தளர்த்தச் சுரங்கள் படிப்படியாகச் சரிந்து கீழே வரும். கேட்பவருக்கு அது ஓர் அறிவிப்பு. வாசிப்பவருக்கு அது குழலைச் சோதிக்கும் முறையும்கூட. எந்த மேற்சுரம் தடுக்குகிறது, எது தானாக வழுக்கி அடுத்ததற்குப் போகிறது, எது காற்றை அதிகம் கேட்கிறது என்பதெல்லாம் அந்தச் சில நொடிகளில் வெளிப்பட்டுவிடும்.

மரத்திலிருந்து குழலுக்கு

எல்டரின் தண்டுக்குள் நடுவில் மென்மையான சோறு ஓடுகிறது. சிறு கிளையாக இருந்தால் ஒரு குச்சியால் தள்ளினாலே வெளியே வந்துவிடும். ஐரோப்பாவில் பல ஊர்ப் பிள்ளைகள் இப்படித்தான் விசில் செய்து விளையாடினார்கள். பச்சைப் பட்டையிலும் இலையிலும் நஞ்சு உண்டு. அதனால் காயாத குச்சியை வாயில் வைக்கக் கூடாது.

ஃபுயராவுக்குக் கிளை போதாது. 170 சென்டிமீட்டருக்கு வளையாத, கணு குறைந்த, கைக்கு அடங்கும் பருமனுள்ள அடித்தண்டு வேண்டும். எல்டர் இயல்பிலேயே கோணல்மாணலாக வளர்கிற மரம். அதில் இப்படி ஒரு நேர்த் தண்டைத் தேடிப் பிடிப்பது எளிதில்லை. மேய்ச்சலில் இருப்பவருக்கு இங்கே ஓர் அனுகூலம் இருந்தது. அவர் ஆண்டுதோறும் மேய்ச்சல் காலம் முழுவதும் அதே சரிவுகளில் நடக்கிறார். எந்த ஓடைக்கரையில் எந்த மரம் நேராக ஏறுகிறது என்பது அவருக்குக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இன்று பார்த்து வைத்ததை இரண்டு குளிர்காலம் கழித்து வெட்டலாம்.

வெட்டுவது குளிர்காலத்தில். அப்போது மரத்தில் சாறு ஓட்டம் குறைவு, காயும்போது வெடிப்பு குறையும். வெட்டிய தண்டின் இரு முனையையும் அடைத்து, வெயில் நேராகப் படாத இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவார்கள். சிலர் அதற்கு மேலும் விடுவதுண்டு. முனை அடைக்காவிட்டால் அங்கேதான் ஈரம் முதலில் போகும், அங்கேதான் கீறல் விழும். அப்படியும் எல்லாத் தண்டும் தேறுவதில்லை.

காய்ந்த பிறகு நீண்ட துளைக்கருவியால் குடைவது. கருவி நடுவை விட்டு விலகாமல் போக வேண்டும். சோறு ஓடும் பாதை அதற்கு ஓரளவு வழிகாட்டும். இரு முனையிலிருந்தும் குடைந்து நடுவில் சந்திக்க வைப்பதும் உண்டு. சந்திக்கும் இடத்தில் சிறு படி விழுந்தாலும் உள்ளே தேய்த்துச் சமமாக்க வேண்டும். மேப்பிள் போன்ற கெட்டி மரத்தில் செய்பவர்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பாதியையும் தோண்டி, மறுபடி ஒட்டுவதும் உண்டு. எண்ணெய் ஊட்டுவது, வெளிப்புறத்தில் நைட்ரிக் அமிலத்தால் பழுப்புக் கோலம் போடுவது, டெத்வா பாணிச் செதுக்கு வேலை இதெல்லாம் கண்ணுக்கு அழகு. கடையில் விலையைத் தீர்மானிப்பதும் பல நேரம் அதுதான். ஒலிக்கு அதனால் ஆவது பெரிதாக எதுவும் இல்லை.

ஒலியைத் தீர்மானிக்கும் வேலை குழலின் தலையில் நடக்கிறது. அங்கே ஒரு மரக்கட்டை செருகியிருக்கும். கட்டைக்கும் குழலின் சுவருக்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு. காற்று அந்த இடுக்கு வழியாகத் தகடுபோல வெளிவந்து, சுவரில் வெட்டிய சிறு சன்னலைக் கடந்து, எதிரே சாய்வாகச் சீவிய விளிம்பில் மோதுகிறது. மோதிய காற்று விளிம்புக்கு உள்ளும் வெளியும் மாறி மாறித் துடிக்கும்போது குழலுக்குள் நிற்கும் காற்று அதிரத் தொடங்கும். இடுக்கிலிருந்து விளிம்புக்குக் காற்று போய்ச் சேரும் நேரம்தான் எந்த மேற்சுரம் எழும் என்பதை முடிவு செய்கிறது. வேகமாக ஊதினால் நேரம் குறையும், மேலே உள்ள சுரம் பிடிக்கும்.

இப்போது செய்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். சன்னலை ஒரு மில்லிமீட்டர் நீட்டினால் கீழ்ச் சுரங்கள் கொழுத்து வரும், மேலே இருப்பவை எழ முரண்டு பிடிக்கும். குறைத்தால் மேலே துள்ளும், கீழே நிற்காது. இடுக்கின் உயரத்தில் ஒரு காகிதக் கனம் மாறினாலும் ஊதும் அழுத்தம் மாறிவிடும். விளிம்பின் கூர்மை, சாய்வு, அது இடுக்குக்கு நேராக நிற்கிறதா சற்று ஏறியிருக்கிறதா, ஒவ்வொன்றும் மற்றொன்றை இழுக்கும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் கொஞ்சம் சீவுவது, ஊதுவது, மறுபடி கொஞ்சம் சீவுவது என்றுதான் போக முடியும்.

சுருதிமானி இங்கே பாதி உதவிதான் செய்யும். துளைகள் சரியான இடத்தில் விழுந்தனவா என்று அது சொல்லும். ஆனால் ஐந்தாம் மேற்சுரத்திலிருந்து நான்காவதற்கு இறங்கும்போது குழல் இடறுகிறதா, மெல்லிய மூச்சிலும் பஞ்சமம் நிற்கிறதா என்பதை மூச்சு உள்ளவர்தான் சொல்ல வேண்டும். அதுவும் எந்த மூச்சு என்ற கேள்வி வரும். பலமாக ஊதுபவருக்குப் பொருந்தும் இடுக்கு, தணிந்து ஊதுபவருக்குப் பொருந்தாது. தனக்காகச் செய்துகொண்ட இடையருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் தன் மூச்சுக்கே சீவினார். இன்று பிறருக்குச் செய்து கொடுக்கும் கைவினைஞர், வாங்க வந்தவரை ஊதச் சொல்லிக் கேட்டுவிட்டு விளிம்பைத் தொட்டால்தான் வேலை முழுமை பெறும். வாசிக்கத் தெரியாதவர் செய்த ஃபுயரா சுவரில் மாட்டத்தான் ஆகும் என்று நான் கடுமையாகச் சொல்வது இதனால்தான்.

அடிநிலம் நழுவியது

1949-ல், ஸ்லோவாக்கியா அப்போது சேர்ந்திருந்த செக்கோஸ்லோவாக்கியாவில் கூட்டுறவுப் பண்ணைச் சட்டம் வந்தது. நிலமும் மந்தையும் படிப்படியாகக் கூட்டுப் பண்ணைக்குப் போயின. மேய்ச்சல் நின்றுவிடவில்லை. ஆனால் இடையர் கூலிக்கு வேலை பார்க்கும் பண்ணை ஊழியர் ஆனார். 1950-களில் டெத்வாவில் பெரிய இயந்திரத் தொழிற்சாலை எழுந்தது. மலையில் ஆறு மாதம் இருக்க வேண்டிய இளைஞர்களுக்கு ஊரிலேயே மாதச் சம்பளம் கிடைத்தது. யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. மலை வாழ்க்கை கடினமானது.

குழல் இழந்தது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். தடை எதுவும் போடப்படவில்லை. பிடுங்கவும் இல்லை. ஒரே ஆளிடம் சேர்ந்திருந்த மூன்று விஷயங்கள் பிரிந்துபோயின: மரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிற அன்றாடம், உளி பிடிக்க நேரம், வாசிக்கத் தனிமை. சட்டத்தால் அழிக்கப்பட்ட கலைகளுக்கு ஒரு கோபமாவது மிஞ்சும். இப்படிக் காரணம் தெரியாமல் கரைகிற கலைக்கு அதுவும் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

மறுபக்கமும் உண்டு. அதே அரசுதான் நாட்டார் கலைக்குப் பணம் கொடுத்தது. லூச்னிட்சா என்ற நாட்டார் ஆடல் பாடல் குழு 1948-லும், ஸ்லுக் என்ற இன்னொரு குழு 1949-லும் தொடங்கின. 1945-லேயே கைவினைகளுக்கான ஊல்யூவ் நிறுவனம் இன்றைய தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் நிறுவப்பட்டிருந்தது. 1966 முதல் டெத்வாவில் பொல்யானா மலையடி நாட்டார் விழா நடக்கிறது. லாடிஸ்லாவ் லெங் போன்ற இசையியலாளர்கள் கிராமத்து வாத்தியங்களைத் தேடிப் பதிவு செய்தார்கள். ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் குழல் செய்தவர்களுக்கு விழாவும் போட்டியும் ஒரு காரணத்தைக் கொடுத்தன. அவர்கள் இல்லாவிட்டால் 2005-ல் அறிவிக்க எதுவும் இருந்திருக்காது.

மேடை வந்ததும் குழலும் மாறியது. தனியாக வாசித்தவருக்குத் தன் மரம் எந்தச் சுருதியில் நிற்கிறதோ அதுதான் சுருதி. குழுவோடு வாசிக்க வேண்டுமென்றால் ஜி என்றால் ஜி-யாக நிற்க வேண்டும். அளவு ஒழுங்கானது, துளை இடங்கள் கணக்கானது. இதை நான் இழப்பாக மட்டும் பார்க்கவில்லை. சுருதி ஒத்துவந்ததால்தான் ஃபுயரா வேறு வாத்தியங்களோடு சேர்ந்து ஒலிக்க முடிந்தது, எல்லை தாண்டிப் போக முடிந்தது. ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே வாசித்ததைப் பெண்களும் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் இன்று ஃபுயரா செய்து வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். விமானத்தில் கொண்டுபோக இரண்டு மூன்று துண்டாகக் கழற்றும் குழல்களும் வந்துவிட்டன.

பிளாஸ்டிக் குழாய் எழுப்பும் கேள்வி

இந்த ஆய்வில் என் வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான சான்று ஒன்றை இங்கே வைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிவிசியில் பலர் ஃபுயரா செய்கிறார்கள். தலைப்பகுதியை ஒழுங்காகச் செய்தால் அது நன்றாகவே ஒலிக்கிறது. இதில் வியப்பு இல்லை. குழலில் அதிர்வது உள்ளே நிற்கும் காற்று, சுவர் இல்லை. 1971-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் உள்ளளவு ஒன்றாக இருக்கும்படி வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றில் குழல்களைச் செய்து, எது எந்தப் பொருள் என்று தெரியாதபடி சோதித்தார். கேட்டவர்களாலும் வித்தியாசம் காண முடியவில்லை, வாசித்தவர்களாலும் முடியவில்லை.

அப்படியானால் எல்டர் எதற்கு, மூன்று ஆண்டுக் காத்திருப்பு எதற்கு? மரத்தின் ஆன்மா ஒலிக்கிறது என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. மரத்துக்கு நடைமுறைக் காரணங்கள் சில உண்டு. நீண்ட குழலுக்குள் மூச்சின் ஈரம் படியும். மரம் அதைக் கொஞ்சம் உறிஞ்சும், பிளாஸ்டிக்கில் துளித்துளியாக வழியும். விளிம்பை மயிரிழை மயிரிழையாகச் சீவ மரம் இடம் கொடுக்கும். எல்டர் லேசானது, ஆள் உயரக் குழலை நெடுநேரம் பிடித்து நிற்க அது உதவும். ஆனால் இவற்றால் மட்டும் வழக்கை வெல்ல முடியாது.

என் கணக்கில் மரத்தின் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. பிவிசிக் குழாய் ஒவ்வொன்றும் ஒன்றுபோல இருக்கும். அளவைப் படித்துத் துளை போட்டால் முடிந்தது, வேலை அதோடு நிற்கும். மரத்தண்டு ஒவ்வொன்றும் வேறு. ஒன்றில் உள்துளை நடுவில் லேசாக ஒடுங்கும், ஒன்று கணுவில் கெட்டியாகும், ஒன்று காய்ந்தபின் சற்றே வளையும். அளவுப் பட்டியலை வைத்துக்கொண்டு மட்டும் அதைக் குழலாக்க முடியாது, ஒவ்வொரு கட்டத்திலும் ஊதிக் கேட்டே ஆக வேண்டும். அதாவது, மரம் குழலின் ஒலியை மாற்றாவிட்டாலும் செய்பவரின் காதைப் பழக்குகிறது. பிவிசியில் பத்துக் குழல் செய்தவருக்கு ஒரே குழலைப் பத்து முறை செய்த அனுபவம்தான் இருக்கும். எல்டரில் செய்தவருக்கு அப்படி இல்லை.

இதனால் பிவிசியை ஒதுக்கச் சொல்லவில்லை. காசில்லாத மாணவருக்கு மேற்சுரம் என்றால் என்ன என்று காட்ட அதைவிட எளிய வழி கிடையாது. மரக்குழலின் விலை பலருக்கு எட்டாது.

எதை அளக்க வேண்டும்

யுனெஸ்கோவின் குறிப்பு இளைஞர்களுக்கு இந்தக் குழலோடு பரிச்சயம் குறைந்துவருகிறது என்று கவலைப்படுகிறது. பொதுவாக இப்படிப்பட்ட கவலைக்கு விடையாக விழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வாசிக்கக் கற்றார்கள் என்று எண்ணுவார்கள். ஃபுயராவைப் பொறுத்தவரை அந்த எண்ணிக்கை பாதிக் கதைதான். தானே தேர்ந்த மரத்தில் குழல் செய்து, அதைத் தானே வாசிக்கிறவர் தலைமுறைக்கு எத்தனை பேர் என்று கேட்க வேண்டும்.

கோடைக்காலப் பட்டறை ஒன்றில் ஒரு வாரத்தில் குழல் செய்து எடுத்துப் போகலாம் என்றால், அங்கே மரம் வெட்டியோ காயவைத்தோ இருக்க முடியாது. ஏற்கெனவே குடைந்து வைத்த தண்டு கையில் வரும். கற்பவர் துளை போடுவார், விளிம்பு சீவுவார். முக்கியமான வேலைதான். ஆனால் எந்த மரத்தை விட்டுவிட வேண்டும் என்ற அறிவு அதில் வராது. பொல்யானா 1990 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமும்கூட. மலையைக் காப்பதும் குழலைக் காப்பதும் தனித்தனிக் கோப்புகளில் கிடக்காமல், எந்தச் சரிவில் எல்டரை விடுவது, யார் எப்போது வெட்டலாம் என்ற அளவில் ஒரே மேசைக்கு வந்தால் நல்லது.

கற்பிக்கும் வரிசையையும் மாற்றிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்லோவாக் இடையர் மரபிலேயே அதற்கு வழி இருக்கிறது. கொன்ட்சோவ்கா என்று துளையே இல்லாத ஒரு குழல் உண்டு. கீழ்வாயை விரலால் மூடியும் திறந்தும், மூச்சை ஏற்றி இறக்கியும் வாசிப்பது. வசந்தத்தில் வில்லோ மரத்தில் சாறு ஏறும் சில வாரங்களில் இதைக் கத்தி ஒன்றை மட்டும் வைத்துச் செய்துவிடலாம். கிளையைச் சுற்றி வெட்டுப் போட்டு, பட்டையைக் கத்திப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே திருகினால் உறை கழல்வதுபோல் பட்டை முழுசாக வந்துவிடும். அந்தப் பட்டைதான் குழல். சில நாளில் காய்ந்து சுருங்கிப் போகும், அப்புறம் இன்னொன்று செய்ய வேண்டியதுதான். இரண்டு மூன்று வசந்தம் இப்படிப் போனால் பிள்ளைகளுக்கு மேற்சுரம் காதில் ஏறிவிடும், இடுக்கும் விளிம்பும் கைக்குப் பழகிவிடும்.

முதல் குளிர்காலத்திலேயே ஒவ்வொரு மாணவரையும் சரிவுக்குக் கூட்டிப்போய், அவரவருக்கு இரண்டு மூன்று எல்டர் தண்டு தேர்ந்து வெட்டி, பெயர் எழுதிக் காய வைக்கச் சொல்லலாம். தண்டு காய ஆகும் காலமும் கொன்ட்சோவ்காவில் மூச்சு பழக ஆகும் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். வெட்டியதில் ஒன்று வெடித்துப் போனாலும் ஒன்றாவது தேறும். அதைக் குடையும்போது, எந்த ஒலிக்காகக் குடைகிறோம் என்பது அந்த மாணவருக்குத் தெரிந்திருக்கும்.